இடி வாங்கியும் வாய் திறக்காத மணிகள்

மாத்திரை கம்பெனியில் வேலை என்றால் ஊரே தலைவலிக்கு நம்மிடம் வரும். நம் தலைவலிக்கு நாம் எங்கே போவது, நீங்களே சொல்லுங்கள்.

டங்

எங்கள் எர்ணாவூர் ஃபேக்டரிக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்று புதிதாக வந்தது. உள்ளே கடுகைவிடச் சின்ன மருந்து மணிகள். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பூச்சு. வயிற்று ஆசிட்டில் மருந்து வீணாகாமல் குடல்வரை காப்பது அந்தப் பூச்சுதான். மெஷின் அழுத்தும்போது அது விரிசல் விட்டால் எல்லாம் பாழ்.

மெஷின்காரர் மஸ்தான் பாய்க்கு, மாத்திரையை மேசையில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அதுதான் கௌரவம். சொன்னதைவிட அழுத்தத்தைக் கூட்டிவிட்டார் மனுஷன். சோதனைக்காரி நான் அதை ஆசிட் தண்ணீரில் போட்டதும் மணிகள் வெடித்துத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ நிதானமாகக் கேட்டார்: “கல்லாட்டம் கீது ஸ்டெல்லாம்மா, இதுக்கு மேல இன்னா வோணும்?”

மெத்தை

இன்னொரு தடவை கெட்டால் மெஷினையே ஓசூர் ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுவேன் என்றார் முதலாளி. மெஷின் போனால் பாய்க்கு வேலை இல்லை. மரக்கூழில் செய்த மெத்தென்ற பவுடரை மணிகளைச் சுற்றி நிறையச் சேர்த்தோம். அடியை அது வாங்கிக்கொள்ளும். பாய் மனசே இல்லாமல் அழுத்தத்தைக் குறைத்தார்.

மாத்திரை ஆசிட்டில் கரைந்தது. மணிகள் முழுசு முழுசாக வெளியே வந்து அடியில் உட்கார்ந்தன. காத்திருந்தோம். கடைசிவரை தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எத்தனையோ வருஷமாக மாத்திரை பார்க்கிறேன், அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாய் கண்ணாடிக் குவளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: “இம்மாம் அடி வாங்கியும் ஒண்ணு கூட வாயத் தொறக்கலியேம்மா.”

பெருநாள் பிரியாணி

மெஷின் தப்பித்தது, பாயும் தப்பித்தார். மாத்திரை கடைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் அக்காவுக்குத்தான் வாங்கிக்கொண்டு போனார். மாசம் ஆகியும் அக்காவுக்கு எரிச்சல் குறையவில்லை என்று ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார். நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததே பொய்யா?

பெருநாளைக்கு அவர் தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போனேன். அக்கா எங்கள் மாத்திரையை எடுத்தார், இஞ்சி இடிக்கிற உரலில் போட்டார், குழவியால் நங்கென்று ஒரு போடு போட்டார். பாய் கையில் எடுத்த பிரியாணி கையிலேயே நின்றுவிட்டது. அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்: “ஏன் ரெண்டு பேரும் இப்டி முயிக்கிறீங்க, நைசா இட்ச்சாதானே வவுத்துல சட்டுனு கரையும்?”

டன் கணக்கில் அழுத்துகிற மெஷினிடமிருந்து மணிகளைக் காப்பாற்றிவிட்டோம், அக்காவின் இஞ்சி உரலிடமிருந்து காப்பாற்றும் பவுடர் உங்களில் யாரிடமாவது இருந்தால் எர்ணாவூர் பக்கம் கொஞ்சம் அனுப்பிவையுங்கள்.