சோழவந்தான் சாலையில் ஓர் ஒட்டு

செவ்வாய்க்கிழமை காலை டி. கல்லுப்பட்டிச் சாலையில் முட்டிபோட்டு, தாரின் மேல் அதிர்வுமானிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த துளசிராமின் தம்பி போனில் கூப்பிட்டார். "அண்ணன் போயிட்டாருண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

சாலையைத் தோண்டாமலே அதன் உள்ளே பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. நான் சுத்தியலால் தட்டுவேன். அதிர்வலை தாரிலும் ஜல்லியிலும் ஓடும் வேகத்தைக் கருவி பதியும். அந்த அலை எப்படி ஓடியிருக்க வேண்டும் என்று துளசி கணினியில் மாதிரி அமைப்பான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே கோளாறு. "நீ தட்டு மாப்ள, நான் கேக்குறேன்" என்பான். வீட்டுக்குப் போனில் சௌராஷ்டிர மொழியில் பேசியபடியே எனக்குத் தமிழில் பதில் சொல்வான். அந்த இரட்டைப் பேச்சு இல்லாமல் எதிர்மேசை இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

சோழவந்தான் சாலையில் ஒருமுறை அலை மெதுவாக வந்தது. உள்ளே பலவீனம் என்று அறிக்கை கொடுத்தோம், தோண்டினார்கள். அடுக்குகள் கல்போல் உறுதியாக இருந்தன. வெற்றிலைக் கட்டோடு நின்ற ஒருவர், "நல்லா இருந்த ரோட்டை எதுக்குய்யா கொத்துனீங்க?" என்று கேட்டார். குழியை மூடி ஒட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினோம்.

அன்று மாலை துளசி கேட்டான்: "ரோட்டுச் சூட்டை எப்பப் பார்த்த?"

"காலையில."

"தட்டுனது?"

"மத்தியானம்."

வெயிலில் தார் இளகினால் அலை மெதுவாகத்தான் போகும்; அவன் மாதிரியோ நான் கொடுத்த காலைச் சூட்டில் அமைந்தது. அவன் சிரித்தான். "மதுரை மத்தியானத்தை ஏன்டா எங்கிட்ட மறைச்ச?"

மறுநாள் ஆய்வகத்தில் நடந்த விசாரணையில், "சூட்டை நான்தான் தப்பா போட்டுட்டேன் சார்" என்றான். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் இதைப் படிக்கும் நீங்களெல்லாம் அவனைக் 'குழி துளசி' என்று கிண்டல் செய்தீர்கள். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். நண்பர்களே, அந்தக் குழி என்னுடையது. இனி அதை அவன் பெயரோடு சேர்க்காதீர்கள். அவன் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். சுத்தியலை எடுக்குமுன் வெப்பமானியோடு உள்ளங்கையையும் தாரில் வைப்பேன். அவன் இருந்தவரை உடனே போனில் அவனிடம் சூட்டைச் சொல்லிவிடுவேன். நேற்றும் வைத்தேன். கை பொசுங்கியது. அவன் எண்ணை அழுத்திய பிறகுதான் அவன் இல்லை என்பது நினைவு வந்தது.