பாண் பக்டறிப் பெண்களின் படகு

நான் இருக்கும் லஷீனுக்கு மெட்ரோ வராது. மொன்றியலின் மற்றப் பக்கங்களில் இருக்கும் என் சொந்தக்காரர் இதை ஒரு குறையாகவே சொல்வார்கள். கலியாண மண்டபங்களில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கோடியில எப்படி இருக்கிறியள்?" என்று கேட்பார்கள். கோடிதான். ஆனால் இந்தக் கோடியில் ஆறு ஏரிபோல் அகன்று கிடக்கிறது. கால்வாய் இங்கேதான் தொடங்குகிறது. அதன் கரையில் செங்கலால் கட்டிய தொழிற்சாலைகள் நிற்கின்றன. சிலவற்றில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள், சில சும்மா நிற்கின்றன, ஒன்றிரண்டு இன்னும் ஓடுகின்றன. 'லஷீன்' என்றால் பிரெஞ்சில் சீனா. சீனாவைத் தேடிப் புறப்பட்ட ஒருவனைக் கேலி செய்ய வைத்த பெயராம். அவனுக்குச் சீனா கிடைக்கவில்லை. பிறகு வந்த போலந்துக்காரருக்கும் உக்ரேனியருக்கும் இத்தாலியருக்கும் எங்களுக்கும் வேலை கிடைத்தது.

என் வேலை பாண் பக்டறியில். பெல்ட்டில் வரும் பாண் ரொட்டியைத் தட்டில் அடுக்கி, தட்டைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். எங்கள் வரிசையில் எல்லோரும் பெண்கள். ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள், நான், வரிசையின் முனையில் மட்டக்களப்பு அக்கா. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. யாருக்காவது கை வலித்தால், கேட்காமலே அவர்களின் தட்டையும் சேர்த்துத் தூக்குவார்.

ஒவ்வொரு கோடையிலும் ஆற்றங்கரைப் பூங்காவில் விழா நடக்கும். அதில் படகுப் போட்டியும் உண்டு. தீயணைப்புக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர்கள், கடைக்காரர் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒரு நீளப் படகில் ஏறித் துடுப்பு வலிப்பார்கள். எங்கள் பக்டறியின் பெயரில் ஒவ்வொரு வருடமும் அலுவலகத்துக்காரர்தான் போவார்கள். அந்த வருடம் சாப்பாட்டு அறையில் போட்டி அறிவித்தலை ஒட்டியபோது, அக்கா அதன் முன்னால் நின்று நன்றாகப் பார்த்தார்.

"நாமளும் போவம் புள்ள," என்றார்.

"எனக்கு நீந்தத் தெரியாது அக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமா? படகு வலிக்கத்தானே கூப்பிடுறாங்க, நீந்தவா?"

"நீங்கள் மட்டக்களப்பு. வாவியில பிறந்த ஆக்கள்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. நான் டவுனுக்குள்ள பிறந்தவள். படகில ஒருநாளும் ஏறினதில்ல." அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு பெயர்களை எழுதினார். ஒன்று என்னுடையது.

மாலைக்குள் வரிசை முழுவதும் சேர்ந்துவிட்டது. பக்டறியின் பெயர் அலுவலகத்துக்கே இருந்தது; நாங்கள் எங்கள் பெயரில் தனிப் படகு. சுக்கான் பிடிக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு போலந்து அம்மா இருந்தார். எழுபதை நெருங்குகிறவர், தனியாள். எங்கள் பக்டறியிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோடை காலத்தில் காலையில் கனோ என்ற சின்னத் துடுப்புப் படகு ஒன்றில் ஆற்றுக்குப் போய் வருவார். நான் கதவைத் தட்டி, என் அரைகுறை பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எப்போது தொடங்குகிறோம்?" என்று கேட்டார்.

வேலை முடிந்த கையோடு பயிற்சி. முதல் வாரம் பார்க்கச் சகிக்காது. ஒருத்தி பிரெஞ்சில் எண்ணுவாள், ஒருத்தி ஹெயிட்டியின் கிரியோலில், ஒருத்தி ஆங்கிலத்தில். துடுப்புகள் ஒன்றோடொன்று இடிபடும், தண்ணீர் முகத்தில் அடிக்கும். படகு போவதைவிடச் சுற்றுவதுதான் அதிகம். கரையில் சைக்கிளில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அக்கா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, பெல்ட் எப்படிச் சத்தம் போடும்?" என்று எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு தானே சொன்னார்: "டக்."

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பெல்ட் முனையில் வெறுந்தட்டு வந்து விழும் சத்தம் அது. நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க அதைக் கேட்டுத்தான் கை நீட்டுகிறோம். அக்கா "டக்" என்றார், துடுப்புகள் ஒன்றாக இறங்கின. மறுபடி "டக்." படகு நேராகப் போனது. பின்னாலிருந்து போலந்து அம்மா ஏதோ தன் மொழியில் சொன்னார். என்ன சொன்னாரோ, நல்ல வார்த்தை என்று மட்டும் விளங்கியது.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது காற்று வந்தது. அகன்ற தண்ணீரில் காற்று சொல்லாமல் வரும். படகைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அலை பக்கவாட்டில் அடித்தது. நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். அடுத்த கணம் நான் தண்ணீருக்குள் இருந்தேன். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை, பச்சை நிறம் மட்டும். செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். லைஃப் ஜாக்கெட் என்னை மேலே இழுத்தபோது, போலந்து அம்மாவின் கை என் கழுத்துப் பட்டியைப் பிடித்திருந்தது. அவர் ஒவ்வொருவராக எங்களைக் கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தில் பிடிக்க வைத்தார். மீட்புப் படகு வந்து எங்களை ஏற்றியது. கரையில் அக்கா இருமிக்கொண்டே, "ஆக்கள் எல்லாரும் இருக்கிறமா?" என்று எண்ணிப் பார்த்தார்.

வீட்டில் இவர், என் கணவர், என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டுத் துடைக்கத் துவாய் எடுத்துத் தந்தார். பிறகு, "உமக்கு ஏன் இந்த வேலை? போதும், விடும்," என்றார்.

"ஓம்," என்றேன். உண்மையாகவே விட்டுவிடத்தான் நினைத்தேன்.

அதைச் சொல்லத்தான் மறுநாள் கீழே போனேன். போலந்து அம்மா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். நான் வாய் திறக்குமுன் தன் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் சூட்டுத் தழும்புகள் தெரிய, மகளையும் கூட்டிக்கொண்டு கரையில் போய் உட்காருவாராம். தண்ணீரில் முதலாளிகளும் அவர்களின் பிள்ளைகளும் படகு விடுவார்கள்.

"நாங்கள் பார்ப்போம். அவ்வளவுதான்," என்றார். "அப்பா இந்த ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒருநாளும் அந்த ஆற்றில் இறங்கவில்லை. அவர் செத்த பிறகுதான் நான் கனோ வாங்கினேன்."

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

"நாளைக்குக் காற்று இராது," என்றார் அவர்.

"வாறன்," என்றேன் தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

போட்டியன்று பூங்கா நிரம்பி வழிந்தது. தலையில் பக்டறி வலைத் தொப்பி போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது ஹெயிட்டிப் பெண்களின் யோசனை. ஆறு படகுகள் வரிசையில் நின்றன. எங்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் அலுவலகத்துப் படகு. அதில் மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

கொம்பு ஊதியது. அக்காவின் குரல் எழுந்தது. "டக். டக்." நான் அக்காவின் முதுகை மட்டும் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் தோள் எரிந்தது, ஆனால் அது தெரிந்த எரிவு. தினமும் மதியத்துக்கு முன் வருவதுதான், வந்த பிறகும் தட்டுத் தூக்குகிறோம். பக்கத்துப் படகில் எண்ணிக்கை குழம்புவது கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மேற்பார்வையாளரின் தோள் எனக்கு நேராக வந்தது, பின்னால் போனது. கரையில் யாரோ தமிழில் கத்துவது கேட்டது. "இழும்! இழும்!" அது இவர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எனக்குச் சொல்லாமல் வந்திருந்தார்.

தீயணைப்புக்காரர் முதலாவது. அவர்களை யாரும் பிடிக்க முடியாது. ஆசிரியர்கள் இரண்டாவது. நாங்கள் மூன்றாவது. அலுவலகம் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

மேற்பார்வையாளர் நனைந்த காற்சட்டையோடு நடந்து வந்து, எங்கள் படகைக் கரைக்கு இழுக்கக் கை கொடுத்தார். "அடுத்த வருஷம் பக்டறியின் பெயரில் நீங்களே போங்கள்," என்றார். அக்கா அதைக் கேட்டு, வலைத் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டே, "பேந்து கதைப்பம் எண்டு சொல்லு புள்ள," என்றார் என்னிடம். அக்கா இப்படி, 'பிறகு' என்பதற்குப் 'பேந்து' என்று, யாழ்ப்பாணத்துக்காரரைப்போலப் பேசினால் பெரிய சந்தோஷத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

எல்லோரும் இறங்கிய பிறகும் போலந்து அம்மா படகிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கை நீட்டினேன். "கொஞ்சம் இருக்கிறேன்," என்றார். கரையில் நின்ற கூட்டம் அவரைப் பார்த்துக் கைதட்டியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார்.

இவருக்கு இரண்டு நாள் தொண்டை அடைத்திருந்தது. மல்லித் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலம் நானும் அக்காவும் நகரசபையின் உள்ளரங்கக் குளத்தில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். அக்கா இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் முங்குகிறார். நான் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போய்விடுவேன். இந்தக் கோடைக்கு இரண்டு படகுக்கு ஆள் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது படகில் முன்னால் உட்கார்ந்து குரல் கொடுக்கப்போவது நான்.