சித்தப்பா கூப்பிடுகிறார்

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ அதைத் தேடிப் போறியோ?" என்று நான் ஸ்காபரோவில் வந்து இறங்கிய அன்றே சித்தப்பா கேட்டார். மொன்றியலில் இருந்து ஒரு பெண் பிஸ்டல் போட்டிக்கு வருவதை அவரால் நம்பவே முடியவில்லை. ஆனாலும் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள இந்தத் திடலுக்கு இன்று என்னைக் காரில் கொண்டுவந்து விட்டிருப்பவரும் அவர்தான்.

மரச்சட்டங்களால் கதவுகளும் சன்னல்களும் அமைத்திருக்கிறார்கள். அவற்றினூடாக ஓடி அட்டை இலக்குகளைச் சுட வேண்டும். துப்பாக்கியின் வாய் எப்போதும் முன்பக்கமாகவே இருக்க வேண்டும். பின்னால் திரும்பினால் போட்டியில் இருந்து நீக்கிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். விதிகள் எல்லாம் மனப்பாடம்.

முதலில் வெற்றுத் துப்பாக்கியோடு ஒத்திகை. முதுகுக்குப் பின்னால் நின்று நடுவர், "தயாரா?" என்கிறார். பெரியவர் கேட்டால் முகம் பார்த்துத்தானே பதில் சொல்வது? "ஓம்" என்று திரும்புகிறேன். துப்பாக்கியும் மரியாதையாகத் திரும்புகிறது.

வெள்ளைத் தாடிக்கார நடுவர் சட்டென்று குனிகிறார். "மகளே, என் முகம் அவ்வளவு அழகில்லை," என்கிறார் ஆங்கிலத்தில். "போட்டியில் இப்படிச் செய்தால் நேரே வீட்டுக்குத்தான்."

வீட்டுக்கு என்றால் சித்தப்பாவின் காரில். வழி முழுக்க அவருடைய சிரிப்பு.

என் முறை வருகிறது. தொடங்கச் சொல்லும் ஒலி கேட்டதும் முதல் அட்டையில் இரண்டு குண்டுகள். காரில் இருந்த சித்தப்பா எப்போது இறங்கினாரோ, எனக்குப் பின்னால் வேலிக்கு அப்பால் நின்று, "பிள்ளை, கவனம்!" என்று கத்துவது காதுக் கவசத்தையும் தாண்டிக் கேட்கிறது. கழுத்து திரும்பத் துடிக்கிறது.

கூப்பிட்டும் திரும்பவில்லை என்று அவர் பிறகு கோபிக்கட்டும். நான் இரண்டாம் கதவைக் கடந்துவிட்டேன்.