கிட்வேயின் மணிக்கூடு

இந்திராதேவி இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருக்கிறார். இடது கையில் மொன்றியல், வலது கையில் சாம்பியா. கோயிலில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பதுண்டு. அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வலது கையில் பன்னிரண்டே முக்கால் ஆனதும், அடுப்பில் எது கொதித்தாலும் தணித்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பார்.

"தம்பி, எழும்பு. கரண்ட் வரப்போகுது."

தம்பி சண்முகலிங்கம் எண்பதுகளில் சாம்பியாவுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனவர். பிறகு கிட்வே நகரில் பேக்கரி போட்டு அங்கேயே ஊன்றிவிட்டார். உலகத்துக்கெல்லாம் மின்கம்பிக்குச் செம்பு தோண்டிக் கொடுக்கிற ஊர் அது. அந்த ஊருக்கு மின்சாரம் இல்லை. மழை பொய்த்து அணை வற்றிய நாள் முதல், அவருடைய தெருவுக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுகிறது. அதற்குள் பாண் வெந்தால்தான் ஒன்பது வேலையாட்கள் வீட்டில் உலை கொதிக்கும். டீசல் ஊற்றி ஜெனரேற்றர் ஓட்டினால் லாபமெல்லாம் புகையாய்ப் போகும். வேலையாட்களோ பகலெல்லாம் மா குழைத்து உருட்டிவிட்டு மூட்டைகளின் மேல் அசந்து தூங்குகிறவர்கள். முதலாளி உறக்கத்தில் கும்பகர்ணன். அலாரத்துக்கு மசியாதவர் அக்காவின் குரலுக்கு எழும்புவார்.

போன நவம்பரில் இங்கே வழக்கம்போல் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினார்கள். சாம்பியாவில் அப்படியொரு வழக்கமில்லை. இந்திராதேவி சுவர் மணிக்கூட்டை நம்பி எப்போதும்போல் ஆறே முக்காலுக்கு அழைத்தார். அங்கே ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. பாதிப் பாண் வேகவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றின் ஓடரும் கைவிட்டுப் போனது. தம்பி ஏசவில்லை.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தால் பேக்கரியைப் பூட்டிப்போட்டு உங்களிட்டையே வாறன் அக்கா."

அடுத்த நாளே வலது கைக்கு மணிக்கூடு வாங்கினார். ஆனால் அந்தச் சொல் மனதுக்குள் இறங்கிவிட்டது. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதி வீட்டின் பின்னறையில் தம்பிக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது; வெள்ளி தவறாமல் விரிப்பு மாற்றுகிறார். நாற்பது வருடமாக இருவரும் ஒரே கூரையின் கீழ் படுத்ததில்லை. ஆசை இல்லாமல் இருக்குமா? "ஒருநாள் மறந்து போங்கோவன், அம்மா" என்கிறான் மகன் லக்ஷன், பாதி விளையாட்டாக.

மாலையில் ஆற்றங்கரை வாங்கில் போய் இருப்பார். இங்குள்ள அணையில் மின்சாரத்துக்கு விசையைக் கொடுத்துவிட்டு ஆறு சும்மா போகும். கண்ணைப் பாதி மூடினால் அந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் நழுவி, கடல் தாண்டி, கிட்வேயில் போய் ஏறும். அடுப்புகள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் விமானச் சாப்பாடு பொதி செய்த மூக்குக்கு, அப்போது பாண் வாசம் வரும்.

இந்த ஞாயிறு மறுபடியும் நேரம் ஒரு மணி பின்னுக்குப் போனது. லக்ஷன் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பினான், அடுப்பினுடையதைத் திருப்பினான், தாயின் இடது கையையும் பிடித்துத் திருப்பினான். வலது கைக்கு வந்தபோது அவர் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

இடது கையில் ஆறு மணிக்குக் கால் மணி இருந்தது; வலது கையில் பன்னிரண்டே முக்கால். வெளியே முதல் பனி, விழலாமா என்று யோசிப்பதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. இந்திராதேவி எழுந்து பின்னறைக்குப் போனார். கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே யாரோ தூங்குவதுபோலக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தொலைபேசியில் தம்பியின் எண்ணை அழுத்தினார்.