பூஜ்யம் செகண்டில் வெடித்த வெடி

1. நின்றுபோன லாரி

லாரியில் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. ரிப்போர்ட் மட்டும் வரவில்லை. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் வந்தால் செருப்புச் சத்தத்துக்கு முன்பே வெற்றிலை வாசம் வந்துவிடும்.

"ஏம்மா செல்வி, டிரைவர் அங்கன ரெண்டாவது டீயும் குடிச்சிட்டான். நீ இங்கன திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே."

"ஓடிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி."

"என்ன ஓட்டம்? நடந்து போனாக்கூட இந்நேரம் இருக்கன்குடிக்குப் போய் மொட்டையடிச்சுத் திரும்பியிருக்கலாம்."

சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு தீபாவளி சீசன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பேட்சிலும் சில வெடிகளை எடுத்து, ஷெட்டுகளுக்கு அப்பால் இருக்கும் பொட்டலில் கொளுத்திப் பார்ப்பார்கள். திரியில் தீ பிடித்ததிலிருந்து வெடிக்கும் வரை எத்தனை செகண்ட் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறிப்பார்கள். சீக்கிரம் வெடித்தால் கொளுத்தியவன் ஓட முடியாது. அந்தக் கணக்குப் பேப்பரில் மேனேஜர் கையெழுத்துப் போடாமல் ஒரு லோடும் கேட்டைத் தாண்டாது.

கொளுத்திப் பார்ப்பவர் காளிராஜ் அண்ணன். அவர் குறித்துத் தருவதை டைப் பண்ணுவது என் வேலை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். லேபிள் ஒட்டப் போனேன். பிறகு டைப்பிங், பிறகு கம்ப்யூட்டர் கிளாஸ். தெரியாத வேலையைச் செய்கிறோம் என்ற பயம் எனக்குக் கடைசி வரை போகவில்லை. சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கேட் வரை போனவள், அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வருவேன். வாட்ச்மேன் சிரிப்பார். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அந்தப் பயத்தை முழுசாக விட்டுவிடாதீர்கள். ஏன் என்று இதைப் படித்தால் தெரியும்.

2. சந்தேகப்படும் ஆப்டிமைசர்

ரிப்போர்ட் எழுதிக் கொடுத்த பிரபு சாரை மதுரையிலிருந்து வரவழைத்தார்கள். எங்களைக் கேலி பேசாத மனுஷன். ஒரு மணி நேரம் டேபிளைப் பார்த்துவிட்டு எனக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார்.

டேபிள் என்பது எல்லா விவரமும் உள்ள பெரிய குவியல். இன்டெக்ஸ் என்பது வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தி வைத்த சின்ன நகல். எங்கள் இன்டெக்ஸில் இரண்டு ஃபீல்டு: பேட்ச் நம்பர், செகண்ட். ரிப்போர்ட்டுக்கு அந்த இரண்டும் போதும். பேட்ச்வாரியாக எத்தனை சோதனை, குறைந்த செகண்ட், கூடிய செகண்ட், சராசரி எல்லாவற்றையும் இன்டெக்ஸை மட்டும் படித்தே சொல்லிவிடலாம். ஆனால் டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது.

"ஏன் சார் அப்படி?"

"காலியா விடுற ஃபீல்டுக்கு நல்னு பேரு. இந்த டேட்டாபேஸ்ல ஒரு வரியில ரெண்டு ஃபீல்டுமே காலியா இருந்தா, அந்த வரி இன்டெக்ஸ்ல ஏறவே ஏறாது. உங்க டேபிள்ல ரெண்டையுமே காலியா விடலாம்னு அனுமதி இருக்கு."

"ரெண்டும் காலியா ஒரு வரி கூட இல்லையே சார்?"

"இல்லதான். ஆனா இருக்கலாம்ல? எந்த வழியில போனா சீக்கிரம்னு முடிவு பண்ற ஆப்டிமைசருக்கு அந்தச் சந்தேகம் போதும். இன்டெக்ஸ நம்பி எண்ணி, ஒரு வரி விட்டுப்போச்சுன்னா? அதனால எதுக்கு வம்புன்னு முழுசாப் படிக்குது."

அதைக் கேட்டதும் ஆப்டிமைசர் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. ஒருவேளை, ஒருவேளை என்று கேட் வரை போய்த் திரும்புகிற இன்னொரு ஜீவன். (எல்லா டேட்டாபேஸும் இப்படி இல்லை. சிலது காலியான வரியையும் இன்டெக்ஸில் ஏற்றும். நீங்கள் வேலை பார்ப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

செகண்ட் ஃபீல்டில் காலி இருப்பதைப் பார்த்து, அது என்ன என்று பிரபு சார் கேட்கத்தான் செய்தார். மேனேஜர், "டைப் பண்ணும்போது விட்டுப்போயிருக்கும் தம்பி" என்றார். "இல்ல சார், காளிராஜ் அண்ணன் கோடு போட்டுக் குடுத்தா நான் காலியா விடுவேன்" என்றேன். அதற்குள் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "கோடுன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? பூஜ்யம் போட்டுத் தள்ளுங்க" என்றார் மேனேஜர்.

பிரபு சார் இரண்டு ஃபீல்டையும் இனிமேல் காலி விட முடியாதபடி பூட்டினார். செகண்டில் காலியாகக் கிடந்த இடமெல்லாம் பூஜ்யம் ஆனது. ஆப்டிமைசரின் சந்தேகம் தீர்ந்தது. பட்டனைத் தட்டிய கையை எடுக்கும் முன் ரிப்போர்ட் வந்து நின்றது. மேனேஜர் எல்லாருக்கும் சேவும் காப்பியும் வாங்கிவரச் சொன்னார்.

3. பேச்சியம்மா அக்கா

மறுநாள் காலை அணுகுண்டு வெடியின் ஒரு பேட்ச் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். குறைந்த செகண்ட் என்ற இடத்தில் பூஜ்யம். சராசரியும் வழக்கத்தைவிட நன்றாகக் கீழே இறங்கியிருந்தது.

"பூஜ்யம் செகண்டா? பத்த வச்ச கையிலயே வெடிக்குதா? திரி ரூம்ல யாருலே? பேச்சியம்மாவக் கூப்பிடு!"

பேச்சியம்மா அக்கா திரி வெட்டும் ரூமுக்குப் பொறுப்பு. திரியின் நீளம்தான் கொளுத்துகிறவனுக்குக் கிடைக்கும் நேரம். அதைக் குட்டையாக வெட்டிவிட்டார் என்று சொன்னால், அதைவிடப் பெரிய பழி அந்த ரூமில் கிடையாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எத்தன கையக் காவு குடுக்கலாம்னு இருக்கே?" என்றார் மேனேஜர்.

"என்ன அண்ணாச்சி சொல்றீக? என் திரி கையில வெடிக்காது."

"மெஷின் சொல்லுது."

"மெஷின் வந்து என் கத்தியப் பாத்துச்சா? என் அளவுகோலப் பாத்துச்சா?"

"பேசாதே. நாளையில இருந்து திரி ரூம் பக்கம் வராதே. கேட்டுக்கு வெளிய நில்லு."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய மகன் மாரிமுத்துவுக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. இரண்டு தீபாவளிக்கு முன் வெடியில் போனது. அது எங்கள் கம்பெனி வெடி இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அக்கா வெட்டுகிற ஒவ்வொரு திரியையும் அளவுகோலில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்ததை எடுப்பார். மற்றவர்கள், "அக்கா திரிக்கு ஜாதகம் பாக்குது" என்று கேலி செய்வார்கள். அவரைப் பார்த்தா இந்தச் சொல்?

காளிராஜ் அண்ணன் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். பூஜ்யம் வந்த இடமெல்லாம் கோடுதான். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோடுன்னா நமுத்ததும்மா. திரி பாதியில அவிஞ்சுபோச்சு, வெடிக்கல. வெடிக்காததுக்கு நான் எந்தச் செகண்ட எழுதுவேன்?"

வெடிக்கவே வெடிக்காத வெடியைத்தான் எங்கள் ரிப்போர்ட் கையிலேயே வெடித்ததாகச் சொல்லியிருந்தது. காலியாக இருந்தவரை குறைந்த செகண்டும் சராசரியும் அதைத் தொடாமல் தாண்டிப் போயின. பூஜ்யம் ஆனதும் அதுவும் ஒரு செகண்ட் கணக்காக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மேனேஜரிடம் சொன்னேன்.

"சரி, பூஜ்யத்த விட்டுட்டுக் கணக்கு எடு."

பூஜ்யத்துக்கு மேல் உள்ளதை மட்டும் எடு என்று போட்டேன். குறைந்த செகண்ட் சரியான அளவுக்குள் வந்தது. சராசரியும் அழகாக இருந்தது. மேனேஜர் பேனாவை எடுத்தார்.

"பேச்சியம்மா, நீ போய் வேலையப் பாரு. வாசல்ல நிக்கிற லாரிய எடுக்கச் சொல்லுங்கப்பா."

4. பேப்பரில் இல்லாதது

அக்கா போகவில்லை. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாயி, அந்தப் பூஜ்யமெல்லாம் நமுத்ததுதானே?"

"ஆமாக்கா."

"இப்ப இந்தப் பேப்பர்ல அது எங்கன இருக்கு?"

"இதுல இல்லக்கா."

"எம்புட்டு இருந்துச்சு?"

அதை நான் முன்பே எண்ணிப் பார்த்திருந்தேன். யாராவது கேட்க வேண்டுமே என்றும் இருந்தது, கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது. "பத்துக்கு மூணுக்கா" என்றேன்.

மேனேஜர் பேனாவை மூடவில்லை. "நமுத்தது யாரச் சுடப்போகுது? கடைக்காரன் நாலு வார்த்த திட்டுவான், அம்புட்டுத்தான்."

"அண்ணாச்சி," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "எம் மகன் கண்ணு வெடிச்ச வெடியில போகல. வெடிக்காத வெடியிலதான் போச்சு. அவிஞ்சுபோச்சேன்னு குனிஞ்சு பாத்தான்."

காளிராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பொட்டலில் ஒரு வெடி நமுத்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீரைத் தூர நின்று ஊற்றாமல் அவர் பக்கத்தில் போகமாட்டார். தெருவில் கொளுத்தும் பிள்ளைகள் கையில் யார் வாளி கொடுப்பது?

"அப்ப திரியில ஈரம் ஏறியிருக்குன்னு ஆகுது. அதுவும் உன் ரூம்தான்" என்றார் மேனேஜர்.

"ஆமா. மழ பேஞ்சதுல இருந்து வடக்குச் சுவத்துல ஓதம். ரெண்டு தடவ சொன்னேன். இருந்தாலும் அது என் ரூம்தான். குட்டையா வெட்டுனேங்கிற பொய்யி எனக்கு வேண்டாம். நமுத்துச்சுங்கிற நெசம் என் பேர்லயே இருக்கட்டும். லோடு போக வேண்டாம்."

மேனேஜர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். வாசலுக்குப் போய், தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார். அந்தப் பேட்ச் பெட்டிகள் மட்டும் இறங்கின. அன்று மத்தியானம் அவரே திரி ரூம் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நில் என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

5. ஒரு பூட்டு போதும்

பிரபு சார் மறுபடி வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு டேபிளைத் திறந்து மறுபடி பார்த்தார்.

"ரெண்டு ஃபீல்டையும் பூட்டினேன். ஒண்ணு போதும்" என்றார்.

உண்மை அதுதான். இன்டெக்ஸில் ஒரு ஃபீல்டாவது காலியாகாது என்ற உறுதி இருந்தால், எல்லா வரியும் இன்டெக்ஸில் ஏறிவிடும். ஆப்டிமைசருக்கு அந்த ஒரு உறுதி போதும். பேட்ச் நம்பர் இல்லாத வெடி என்று ஒன்று கிடையாது, அதைப் பூட்டலாம். செகண்ட் காலியாக இருப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அதைத் திறந்தே விட வேண்டும். பூஜ்யங்களை மறுபடி நல் ஆக்கினார். எங்கள் நல்ல நேரம், உண்மையான பூஜ்யம் ஒன்றுகூட அதில் இல்லை. ஒன்று இருந்திருந்தாலும் எது எது என்று யாராலும் பிரித்திருக்க முடியாது. வெடித்தது, நமுத்தது, இன்னும் பார்க்கவில்லை என்று முடிவைச் சொல்ல ஒரு புது ஃபீல்டும் வைத்தார். அதையும் காலி விட முடியாது. அதுவும் இன்டெக்ஸில் சேர்ந்தது. ரிப்போர்ட் முன்பைப் போலவே நொடியில் வந்தது. நமுத்தது எத்தனை என்று அதில் தனியாக ஒரு வரி இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ டேபிள் பார்த்துவிட்டேன். வேகம் வேண்டும் என்று காலி ஃபீல்டில் பூஜ்யம் நிரப்பச் சொல்லாத ஆள் குறைவு. நிரப்புவதற்கு முன், அந்தக் காலியை விட்டவர் யார் என்று தேடிப் போய்க் கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் கேளுங்கள்.

பேச்சியம்மா அக்கா சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். சராசரி எல்லாம் கேட்கமாட்டார். "இன்னைக்கு எம்புட்டு தாயி?" என்பார். நமுத்தது எத்தனை என்று அர்த்தம். ஒரு நாள், "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவர் நகரவில்லை.

"ஒண்ணுமில்லையா, இன்னும் பாக்கலையா?"

பார்த்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பி ஒரு தடவை திரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.