துவைக்காமல் கொடுத்த சட்டைகள்

1. சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஒருவர், நான் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கருவி வாங்கித் தந்தார். உரசும்போது துணியில் எவ்வளவு மின்சாரம் சேர்கிறது என்று அது காட்டும்.
2. அதில் வைத்துப் பார்க்க, பட்டாசு ஆலையில் உடுத்திய துணி எனக்கு வேண்டியிருந்தது.
3. தாயில்பட்டிப் பக்கம் ஆலைக்குப் போகும் என் அம்மாவும், உடன் வேலை செய்யும் பதினேழு பெண்களும் தங்கள் வேலைச் சட்டைகளைத் தந்தார்கள்.
4. அவற்றில் எனக்கு வேண்டியது இல்லை.
5. மறுபடியும் தந்தார்கள்.
6. பல்கலைக்கழகம் நன்கொடையாளர் பலகை வைத்தது. அதில் ஒரே ஒரு பெயர், அச்சகக்காரருடையது.

நான்காவதை விளக்க வேண்டும். சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் வெடிமருந்து வேலைக்கு உட்காருவார்கள். பொடியும் வியர்வையும் ஏறிய அந்தத் துணியில் பொறி பிறக்குமா என்பதே என் ஆராய்ச்சி. அம்மா கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தால் சோப்பு மணம். பதினெட்டும் துவைத்து, நீலம் போட்டு, தேய்த்து மடித்தவை. அறுந்த பொத்தான்களைக்கூடத் தைத்திருந்தார்கள்.

"ஏம்மா எல்லாரும் துவைச்சீக?"

"காலேசுக்குக் குடுக்குறத அழுக்கோடயா குடுப்பாக? கூறு இருக்கா ஒனக்கு?" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் ஆலை வேன் வந்து நிற்கும் இடத்துக்கு மூட்டையோடு போனேன். இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், அழுக்குச் சட்டைதான் வேண்டும் என்றேன். ஒரே சிரிப்பு.

"இம்புட்டுப் படிச்சும் இந்தப் புள்ளைக்கு அழுக்குச் சட்டதான் வாய்ச்சிருக்கு" என்றார் ஓர் அக்கா. கூடையில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து என் கையில் திணித்தார். "மோந்து பாத்துராதத்தா, மயங்கிருவ."

ஒவ்வொருவராகத் தந்தார்கள். துவைத்ததை ஒருவரும் திரும்ப வாங்கவில்லை. "குடுத்தத வாங்குவாகளா? நீயே வச்சுக்க."

"நாளைக்கு எதப் போடுவீக?"

"எங்க வீட்டுக்காரருக்குச் சட்ட ஒண்ணு கொறையட்டும். ஊரு சுத்துறதும் கொறையும்."

துவைத்ததையும் துவைக்காததையும் ஒப்பிட்டே என் அளவுகள் அனைத்தையும் எடுத்தேன்.

பலகை வந்த வாரம், பெயர் போடலாமா என்று பதினெட்டுப் பேரையும் கேட்டேன். கம்பெனியில் கேள்வி வரும் என்று இரண்டு பேர் மறுத்தார்கள். அம்மா, "முழுப் பேரா போடு" என்றாள். பதினாறு பெயர்களோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன்.

கண்காணிப்பாளர் படிவத்தைக் காட்டினார். "மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. பழைய சட்டைக்கு என்னத்தப் போட?"

"சட்டை இல்லேன்னா அந்த மெஷின்ல எத சார் வைப்பீங்க?"

"அவரு பேருக்குக் கீழ இவங்க பேரா? அவரு என்ன நெனைப்பாரு?"

"கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்க முடியுமா?"

"அப்ப நான் கேக்கேன்."

கொடுத்தவர் யார் என்று எழுதும் பலகையில், கொடுத்தவர்களை எழுதச் சொல்கிறேன். இதில் நான் சலுகை எதுவும் கேட்கவில்லை.

இப்போதைய நிலை: பலகையில் இன்னும் ஒரு பெயர்தான். ஆய்வுக்கூடக் கதவில் பதினாறு பெயர்களை அச்சடித்து ஒட்டினேன். இரண்டு முறை கிழித்தார்கள். மூன்றாவது தாள் இருக்கிறது. அச்சகக்காரருக்குக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. சட்டைகள் முப்பத்தாறும் அலமாரியில், என் பொறுப்பில் இருக்கின்றன.