நால்வருக்கும் அடி

டிக்கோயாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியாரின் சட்டைப்பையில் எப்போதும் மைக்கறை இருக்கும். அவர் எங்களை நால்வர் நால்வராக உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கச் செய்தார். ஒருவர் தவறினால் நால்வருக்கும் பிரம்படி. இந்த முறை எப்படிப் பலிக்கிறது என்று தினமும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார்.

ஒருநாள் எங்கள் குழுவிலிருந்த செல்லம்மா, கிழிந்த உதட்டோடு ஏழாம் வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்தாள்.

“ஆர் அடிச்சது?”

“நாங்கதாங்க சார்,” என்றேன் பெருமையாக. “தெனம் காலையில தேயிலைக்குள்ள வச்சு அடிச்சுத்தான் படிக்க வைக்கிறோம். இல்லாட்டி நீங்க நாலு பேரையும் அடிப்பீங்கல்ல?”

அவர் கொப்பியைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். எங்களைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அந்த உதட்டை என்றைக்கோ மறந்திருப்பேன்.